புல்வெளி யாருக்கு? கிங்ஸ்வே முதல் கடமைப் பாதை வரை

புதுடெல்லியின் நடுநாயகமான சாலை நூறாண்டுக்குள் மூன்று பெயர்களைப் பெற்றிருக்கிறது: கிங்ஸ்வே, ராஜ்பத், கடமைப் பாதை. அதன் வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் இந்தப் பெயர்மாற்றங்களையே காலப்பகுப்பாகக் கொள்கிறார்கள். சாலையின் இருமருங்கும் விரிந்து கிடக்கும் புல்வெளியில் யார், எப்போது, யாருடைய அனுமதியோடு உட்கார முடிந்தது என்று கேட்டுப் பார்த்தால் வேறொரு காலவரிசை கிடைக்கிறது. இக்கட்டுரை அதைத்தான் பின்தொடர்கிறது.

1911 டிசம்பர் 12 அன்று டெல்லி தர்பாரில் ஐந்தாம் ஜார்ஜ் மன்னர், தலைநகரைக் கல்கத்தாவிலிருந்து டெல்லிக்கு மாற்றுவதாக அறிவித்தார். மூன்று நாள் கழித்து, பழைய நகருக்கு வடக்கே தர்பார் நடந்த இடத்திலேயே அடிக்கல்லும் நாட்டப்பட்டது. அடுத்த ஆண்டு வந்த நகரமைப்புக் குழுவுக்கு அந்த இடம் ஒத்துவரவில்லை. ஸ்விண்டன் தலைமையில் லிவர்பூல் பொறியாளர் பிராடியும் கட்டடக் கலைஞர் எட்வின் லட்யன்ஸும் சுற்றிப் பார்த்துத் தெற்கே ராய்சினா மேட்டைத் தேர்ந்தார்கள். 1894ஆம் ஆண்டு நில எடுப்புச் சட்டத்தின்கீழ் ராய்சினா, மால்ச்சா முதலிய கிராமங்கள் கையகப்படுத்தப்பட்டன. நிலத்தை உழுதவர்கள் வெளியேறினார்கள். இந்தச் சாலையின் கதை குடியானவர்களை அப்புறப்படுத்தியதில் தொடங்குகிறது என்பதைக் குறித்துக்கொள்வது நல்லது.

1912 டிசம்பர் 23 அன்று வைஸ்ராய் ஹார்டிஞ்ச் யானைமீது சாந்தினி சௌக் வழியாகப் பவனி வந்தபோது வெடிகுண்டு வீசப்பட்டது. அவர் படுகாயமடைந்தார், குடை பிடித்து நின்ற பணியாளர் உயிரிழந்தார். புதிய தலைநகரின் இடம் அதற்கு முன்பே முடிவாகிவிட்டதால், அகலச் சாலைக்கு அந்தக் குண்டுதான் காரணம் என்று சொல்ல இயலாது. ஆனாலும் மாடிகளும் சந்துகளும் நெருக்கும் சாந்தினி சௌக்குக்கு நேரெதிரான வெட்டவெளியாகவே கிங்ஸ்வே அமைந்தது. மேட்டில் வைஸ்ராய் மாளிகை, கீழே ஏறத்தாழ 3 கிலோமீட்டர் நேர்கோடு, மறுமுனையில் இன்று இந்தியா கேட் எனப்படும் போர் நினைவு வளைவு, அதற்கும் அப்பால் புராணா கிலா கோட்டை. பவனி வருபவரை எல்லாரும் பார்க்கலாம். அவரை யாரும் நெருங்க முடியாது.

இந்த அமைப்பில் ஒரு பிசகு நேர்ந்தது. மாளிகை மேட்டின் முன்விளிம்பில் தனித்து நிற்க வேண்டும் என்பது முதல் எண்ணம். செயலகக் கட்டடங்களைப் பொறுப்பேற்ற ஹெர்பர்ட் பேக்கர், அவையும் அதே உயரத்தில் இருக்க வேண்டும் என்றார். மாளிகை மேற்கே பின்தள்ளப்பட்டது. 1913இல் லட்யன்ஸ் அதற்கு இசைந்தார். இடையிலுள்ள ஏற்றம் மாளிகையை மறைத்துவிடும் என்பது 1916இல்தான் அவருக்கு முழுதாக உறைத்தது. சரிவைக் குறைக்கக் கெஞ்சினார். செலவைக் காட்டி மறுத்துவிட்டார்கள். இரு நண்பர்களும் பல்லாண்டு பகையானார்கள். இன்றும் இந்தியா கேட்டிலிருந்து மேற்கே நடந்து பார்க்கலாம். தொலைவில் தூண்வரிசையும் குவிமாடமும் தெளிவாகத் தெரியும். மேட்டின் அடியிலுள்ள விஜய் சௌக்கை நெருங்க நெருங்கத் தூண்கள் மேட்டுக்குள் அமிழ்ந்து, குவிமாடத்தின் தலை மட்டும் எஞ்சும். செயலகங்களுக்கு நடுவே ஏறினால்தான் மாளிகை மீண்டும் எழுந்து வரும். அதிகாரத்தைக் கண்ணுக்கு முன் நிறுத்தவென்றே போட்ட சாலையில், அருகே வருபவரின் கண்ணிலிருந்து அதிகாரம் நழுவுகிறது.

42 மீட்டர் உயரமுள்ள போர் நினைவு வளைவுக்கு 1921இல் கன்னாட் கோமகன் அடிக்கல் நாட்டினார். 1931 பிப்ரவரியில் வைஸ்ராய் இர்வின் திறந்துவைத்தார். அதே மாதம் தலைநகரின் தொடக்க விழாவும் நடந்தது. விழா முடிந்த சூட்டோடு, சிறையிலிருந்து விடுதலையாகியிருந்த காந்தி புதிய மாளிகையின் படியேறி வைஸ்ராயோடு பேச்சு நடத்தினார். பேரரசின் கல்கட்டடத்தில் ஈரம் காயுமுன்பே அதன் விருந்தாளி மாறிவிட்டார்.

புல்வெளியை மக்கள் முதன்முதலாகக் கைக்கொண்டது 1947 ஆகஸ்ட் 15 மாலையில்தான் என்பது என் கணிப்பு. இந்தியா கேட் அருகே பிரின்சஸ் பூங்காவில் கொடியேற்றமும் அணிவகுப்பும் என்று ஏற்பாடு. திரண்ட கூட்டத்தில் அணிவகுப்புக்கு இடமே இல்லாமல் போயிற்று. தலைமை ஆளுநர் மவுண்ட்பேட்டனால் குதிரைவண்டியைவிட்டு இறங்க முடியவில்லை. கொடியை ஏற்றச் சொல்லிவிட்டு வண்டியில் நின்றபடியே வணக்கம் செலுத்தினார். வேடிக்கை பார்க்க அழைக்கப்பட்டவர்களே அன்று விழாவாகிவிட்டார்கள். ஐந்தரை மாதம் கழித்து, 1948 ஜனவரி 31 அன்று, காந்தியின் இறுதி ஊர்வலமும் கிங்ஸ்வே வழியாகவே யமுனைக் கரைக்குச் சென்றது.

1950 ஜனவரி 26 அன்று தலைமை ஆளுநர் ராஜாஜி மாளிகையின் தர்பார் மண்டபத்தில் குடியரசுப் பிரகடனத்தை வாசித்தார். ராஜேந்திர பிரசாத் குடியரசுத் தலைவராகப் பதவியேற்றார். அன்றைய அணிவகுப்பு நடந்த இடம் இர்வின் விளையாட்டரங்கம். 1955 முதல்தான் ராஜ்பத் அதன் நிலையான களமாயிற்று. வளைவுக்குப் பின்னால், மேற்கூரையுடைய மண்டபத்தின்கீழ் நின்ற ஐந்தாம் ஜார்ஜின் சிலை 1968 வரை அங்கேயே இருந்தது. ராஜ்பத்தின் முதல் அணிவகுப்புகள் பல மன்னரின் கல்விழிகளுக்கு எதிரே நடந்தன என்பது இன்று பலருக்கு வியப்பாக இருக்கலாம்.

ஆண்டில் ஒரு நாள் அணிவகுப்பு. மற்ற நாள்களில் இது டெல்லிக்காரர்களின் முற்றம். கோடை இரவுகளில் வீட்டுப் புழுக்கம் தாளாமல் குடும்பம் குடும்பமாக வந்து விரிப்புப் போட்டு அமர்வார்கள். ஐஸ்கிரீம் வண்டிகள், பலூன்காரர்கள், இருபுறக் கால்வாய்களில் படகுகள். தோட்டக்கலைப் பொறுப்பிலிருந்த முஸ்டோவின் காலத்தில் வைத்த நாவல் மரங்கள் ஜூன் கடைசியில் பழுக்கும். பழம் பறிக்கும் உரிமையை நகராட்சி ஏலம் விடும். எடுத்தவர்கள் மரமேறிக் கிளையை உலுக்க, கீழே நால்வர் துணியை விரித்துப் பிடிப்பார்கள். அடிபடாத பழம்தான் விலைபோகும். அதை உப்புத் தூவிப் பொட்டலமாகத் தருவார்கள். எந்த வரைபடத்திலும் இடம்பெறாத இந்த வாழ்க்கைதான் இந்தச் சாலையை நகரத்தோடு ஒட்டவைத்தது. கட்டடக்கலை வரலாறுகள் இதை அடிக்குறிப்பாகக்கூடக் கருதாதது பெரிய குறை.

இந்த முற்றத்தின் உச்சமான நாள்கள் 1988 அக்டோபரில் வந்தன. மேற்கு உத்தரப் பிரதேசத்திலிருந்து மகேந்திர சிங் திகாயத் தலைமையில் லட்சக்கணக்கான விவசாயிகள் வந்து ராஜ்பத் ஓரத்திலுள்ள போட் கிளப் புல்வெளியில் இறங்கினார்கள். கரும்புக்குக் கூடுதல் விலை, மின்கட்டண, தண்ணீர்க் கட்டணச் சலுகை ஆகியவை முதன்மைக் கோரிக்கைகள். டிராக்டர்களையும் மாட்டுவண்டிகளையும் நிறுத்தி, அடுப்பு மூட்டி, ஹூக்கா புகைத்துக்கொண்டு ஏறத்தாழ ஒரு வாரம் அங்கேயே இருந்தார்கள். அக்டோபர் 31 அன்று இந்திரா காந்தி நினைவுநாள் கூட்டத்தை அங்கே நடத்தவிருந்த காங்கிரஸ், இடத்தைச் செங்கோட்டைக்கு மாற்றிக்கொண்டது. நாடாளுமன்றத்திலிருந்து கூப்பிடு தூரத்தில் இருந்ததுதான் விவசாயிகளின் வலிமை. அமைச்சகங்களுக்குப் போகும் அதிகாரி எவரும் அவர்களைக் கடக்காமல் போக முடியவில்லை.

அரசு அதை மறக்கவில்லை. 1990களின் தொடக்கத்தில் போட் கிளப் கூட்டங்களுக்குத் தடை வந்தது. போராட்டங்கள் ஜந்தர் மந்தர் ஓரத்துக்கு ஒதுக்கப்பட்டன. என் பார்வையில், இந்தச் சாலையின் வரலாற்றில் எந்தப் பெயர்மாற்றத்தைவிடவும் பெரிய திருப்பம் இதுவே. 2012 டிசம்பரில் பாலியல் வன்கொடுமைக்கு எதிராக இளைஞர்கள் ராய்சினா மேட்டை நோக்கித் திரண்டபோது தண்ணீர்ப் பீரங்கியும் கண்ணீர்ப்புகையும் பதிலாகக் கிடைத்தன. அருகிலிருந்த மெட்ரோ நிலையங்கள் மூடப்பட்டன.

2022 செப்டம்பர் 8 அன்று, சென்ட்ரல் விஸ்டா திட்டத்தில் புதுப்பிக்கப்பட்ட சாலை புதுப் பெயரோடு திறக்கப்பட்டது. வெற்றாகக் கிடந்த மன்னர் மண்டபத்தில் நேதாஜியின் 28 அடி கருங்கற்சிலை வந்தது. நடைபாதைகளும் சுரங்கப்பாதைகளும் கழிப்பறைகளும் முன்னைவிட மிக நன்றாக இருக்கின்றன. குழந்தைகளோடு வருவோருக்கு இது உண்மையான வசதி. வியாபாரிகள் குறித்த வளாகங்களுக்குள் மட்டுமே விற்கலாம். உலாவ வருபவருக்குச் சாலை முழுமையாகத் திறந்திருக்கிறது. கோரிக்கையோடு வருபவருக்கு அது 1990களில் மூடியபடியேதான் இருக்கிறது.

வேளாண் சட்டங்களை எதிர்த்து 2020 நவம்பரில் டெல்லியை நோக்கிப் புறப்பட்ட விவசாயிகள் சிங்கு, திக்ரி, காஜிப்பூர் எல்லைகளில் நிறுத்தப்பட்டு, ஓராண்டுக்கு மேல் நெடுஞ்சாலைகளிலேயே தங்கினார்கள். 2021 குடியரசு நாளன்று ராஜ்பத்தில் அணிவகுப்பு நடக்க, அவர்களுடைய டிராக்டர் பேரணிக்கு நகரின் விளிம்பிலேயே தடம் வகுத்துக் கொடுத்தார்கள். ஒரு பகுதியினர் அதை மீறிச் செங்கோட்டைவரை சென்றார்கள். காஜிப்பூர் முகாமை நடத்தியவர் ராகேஷ் திகாயத். அவருடைய தந்தை ஒரு வாரம் அடுப்பு மூட்டிய புல்வெளிக்கு அவர்களால் வந்துசேர முடியவில்லை.