பொற் கடிகாரமும் உரிமையற்ற கரங்களும்

நூதனசாலைப் பேழையினுள் பழைய சட்டைப்பைக் கடிகாரங்களைக் காணும்போது நாம் வியந்து நிற்கின்றோம். உள்ளங்கையில் அடங்கும் பொன் மூடி. அதன்மேல் எனாமல் ஓவியம். விளிம்பிலே முத்து வரிசை. 1675 இல் வில்சுருள் பொருத்தப்படும்வரை இவை நாள்தோறும் பல நிமிடங்கள் பிழைபட்டன. ஆயினும் செல்வர் குறைப்பட்டாரில்லர். காலத்தை அறிவதினும் செல்வத்தைக் காட்டுதலே அவர்க்கு முதன்மையாயிற்று. அணிந்தவரை வரலாறு அறியும். செய்தவர் யாவர் என நாம் வினவ வேண்டாமா?

இக்கலை செழித்த நகரங்களுள் தலையாயது ஜெனீவா. 1541 இல் அங்கு திரும்பிவந்த கல்வினின் மதச் சீர்திருத்தம் ஆடம்பர நகைகளை வெறுத்தது. நகைத்தொழில் ஒடுங்கவே பொற்கொல்லர் கடிகாரத்தின்பாற் திரும்பினர். பிரான்சின் மதக் கொடுமைக்குத் தப்பிவந்த புரட்டஸ்தாந்த அகதிகள் தொழிலறிவைக் கொணர்ந்தனர். 1601 இல் கடிகாரத் தொழிற்குழு அமைந்தது. நகையை வெறுத்த நகரம், கருவி என்னும் பெயரில் நகையையே உலகுக்கு விற்றது!

அந்த எழிலின் பின்னால் இருந்த உழைப்பைப் பாருங்கள். கண்ணாடித் தூளோடு உலோக ஒட்சைட்டு நிறங்களைக் குழைத்து, நுண்தூரிகையால் தீட்டி, ஏறத்தாழ 800 பாகை சென்ரிகிறேட் வெப்பத்தில் மீண்டும் மீண்டும் சூளையிலிட வேண்டும். ஒரு வெடிப்பு விழுந்தால் பல நாள் உழைப்பு வீண். சில்லு செய்வோர் ஒருவர், மூடி செய்வோர் ஒருவர், செதுக்குவோர் ஒருவர். உள்ளே இயங்கும் நுண்ணிய சங்கிலியைக் கண்நோகக் கோத்தவருட் பலர் பெண்கள். கடிகாரத்திலே பொறிக்கப்பட்டதோ பெரும்பாலும் பட்டறைத் தலைவர் ஒருவரின் பெயரே.

இத்தொழிலாளருட் பலர் ‘நத்தீவ்’ எனப்பட்ட வகுப்பினர்; குடியேறியோரின் வழித்தோன்றல்கள். ஜெனீவாவிலே பிறந்தும், அந்நகரின் செல்வத்தைத் தம் கைகளாற் பெருக்கியும், அரசியல் உரிமை அவர்களுக்கு இருக்கவில்லை. 1770 இல் உரிமை கோரி எழுந்தோரை ஆட்சியாளர் பலவந்தமாக அடக்கினர், உயிர்களும் பலியாயின. வெளியேறியோருக்கு எல்லைக்கு அப்பால், பெர்னே என்னும் ஊரில் வோல்டேர் புகலளித்துப் பட்டறைகள் அமைத்தார். அங்கு உருவான கடிகாரங்கள் ரஷ்யப் பேரரசி இரண்டாம் கத்தரீனையும் சென்றடைந்தன. தொழிலாளரின் கைவேலை அரண்மனை புகுந்தது. அவர்களோ பிறந்த நகரிலே பிரசைகளாக வாழ இயலவில்லை. பிரெஞ்சுப் புரட்சியின் அலை ஜெனீவாவைத் தொட்ட பின்னரே, 1792 இன் இறுதியில், சமவுரிமை கிட்டியது.

அக்கடிகாரங்களின் அழகை நாம் மறுக்கவில்லை. அது மானிட உழைப்பின் அழகு, ஆகவே போற்றுகின்றோம். ஆனால் ஒரு நகரைத் தம் உழைப்பால் வளர்த்தோர் அந்நகரின் மக்களாக எண்ணப்படுவதற்கே தலைமுறைகள் காத்திருந்தனர் என்பதையும் அப்பேழையின் முன் நின்று நாம் நினைத்தல் வேண்டும்.