ஓட்டுல பேரு, செங்கல்ல பேரு, கொத்தனார் பேரு எங்க?

நாகர்கோவில், தக்கலை, மார்த்தாண்டம் பக்கம் பழைய வீடு ஒண்ணைப் பிரிச்சுப் போட்டிருந்தா, அடுக்கி வச்சிருக்கிற ஓட்டுல ஒண்ணை எடுத்துத் திருப்பிப் பாருங்க. அடிப்பக்கத்துல கம்பெனி பேரு, ஊர் பேரு, சில ஓட்டுல ஒரு வருஷமும் புடைப்பா இருக்கும். இன்னைக்கு எபிசோடு அந்த எழுத்தைப் பத்தித்தான். வீடு கட்டுற தொழில்ல இருக்கிற சின்ன ஆட்கள், பேப்பர் விளம்பரமும் டிவியும் எட்டாத காலத்துல, தங்களை எப்படி ஊருக்குத் தெரியப்படுத்தினாங்க?

கதை மங்களூர்ல ஆரம்பிக்குது. 1865ல பேசல் மிஷன் என்ற ஜெர்மன்-சுவிஸ் கிறிஸ்தவ அமைப்பு அங்க ஓட்டுத் தொழிற்சாலை தொடங்குச்சு. ஒண்ணோட ஒண்ணு கொக்கி மாதிரி மாட்டிக்கிற இந்த ஓட்டைத்தான் நாம இன்னைக்கும் ‘மங்களூர் ஓடு’ன்னு சொல்றோம். மூணு வருஷத்துல, 1868ல, அல்புகர்க் என்ற மங்களூர்க்காரர் குடும்பமும் போட்டிக்கு வந்தாச்சு. பிறகு பெரோக், திருச்சூர், கொல்லம்னு மேற்குக் கரை முழுக்க ஓட்டுக் கம்பெனிகள். எல்லாமே பார்க்க ஒரே மாதிரிதான். அதனால அச்சுலயே பேரைப் பதிச்சாங்க. ‘1865’னு இருக்கிற ஓட்டைக் காட்டி "நூத்தி அறுபது வருஷப் பழசு"ன்னு இப்போ விலை சொல்றவங்களும் உண்டு. அது கம்பெனி பிறந்த வருஷம், ஓடு சுட்ட வருஷம் இல்ல. ஏமாந்துடாதீங்க.

பேரு ஏன் அடிப்பக்கத்துல? எனக்குப் பிடிச்ச இடமே இதுதான். மச்சு போடாத வீட்டுல கட்டில்ல மல்லாந்து படுத்தா கண்ணுல படறது அந்த எழுத்துதான். வந்த விருந்தாளியும் அண்ணாந்து பார்ப்பார். அடுத்து வீடு கட்டப்போறவர் வீட்டுக்குள்ளயே இருக்கு விளம்பரம். வாடகை கிடையாது, ரெண்டு மூணு தலைமுறைக்கு நிக்கும். நான் வேலை பார்க்கிற உலகத்துல ஒரு கிளிக்குக்குக் காசு கொடுத்துட்டு, அது மூணு வினாடி நின்னாலே கொண்டாடுறோம்!

நம்ம மாவட்டத்துல கூரைக்கு இன்னொரு கனமும் உண்டு. 1956 நவம்பர் 1 வரைக்கும் இது முதல்ல திருவிதாங்கூர்லயும், பிறகு திரு-கொச்சியிலயும் இருந்துச்சு. பழைய திருவிதாங்கூர்ல நாடார் உள்ளிட்ட பல சாதியினருக்குக் குடை பிடிக்கத் தடை, செருப்புக்குத் தடை, மாடி வச்சு வீடு கட்டத் தடை. பெண்கள் தோள்சீலை போடுறதுக்காக நடந்த போராட்டமும் 1859ல வந்த அரச அறிவிப்பும் நமக்குத் தெரியும். ஓட்டுத் தொழிற்சாலை அதுக்கு ஆறு வருஷம் கழிச்சு வருது. வீட்டோட உயரத்தையே சாதி தீர்மானிச்ச ஊர்ல, ஓலையை இறக்கிட்டு ஓடு ஏத்துறது சும்மா மராமத்து வேலையா இருந்திருக்காது. அந்தப் பெருமையோட ஒட்டிக்கிட்டு கம்பெனி பேரும் கூரை ஏறுச்சுன்னு நான் நினைக்கிறேன்.

செங்கல் கதை வேற. தோவாளை, ஆரல்வாய்மொழிப் பக்கத்துச் சூளைக் கல்லை எடுத்தா நடுவுல ஒரு குழி, அதுக்குள்ள ரெண்டு மூணு எழுத்து. குழி சாந்தைப் பிடிச்சுக்கும், எழுத்து சூளை முதலாளி யாருன்னு சொல்லும். ஆனா பூச்சு வேலை முடிஞ்சா அந்தப் பேரு உள்ளே புதைஞ்சு போச்சு. வீட்டுக்காரர் கண்ணுலயே படாத விளம்பரம் எதுக்கு? அது வீட்டுக்காரருக்கு இல்ல, கொத்தனாருக்கு. ஒவ்வொரு கல்லா கையில எடுத்துப் பார்க்கிறவர் அவர்தான். "இந்த எழுத்து போட்ட கல்லு உடையாது, இதையே இறக்குங்க"ன்னு அவர் ஒரு வார்த்தை சொன்னா லோடு வந்துடும். வாங்குறவர் ஒருத்தர், முடிவு பண்றவர் வேற ஒருத்தர். எம்பிஏ வகுப்புல பாடமா நடத்துற இந்த விஷயம் சூளைக்காரர்களுக்கு எப்பவோ தெரியும்.

சிமெண்டுக்கு வந்தா ஆட்டமே மாறுது. ஓட்டைச் சுண்டிப் பார்க்கலாம், ரெண்டு செங்கல்லைத் தட்டிச் சத்தம் கேட்கலாம். சாம்பல் நிறப் பொடியை என்ன பண்ணுவீங்க? பேரை நம்பித்தான் வாங்கணும். பக்கத்துலயே, திருநெல்வேலிக்கு வடக்கே தாழையூத்துல, 1949ல இந்தியா சிமெண்ட்ஸ் ஆலை வந்துச்சு. ‘சங்கர் சிமெண்ட்’ங்கிற பேரைத் தென்மாவட்டத்துல தெரியாத ஆள் குறைவு. ஆனாலும் ரொம்ப காலம் சிமெண்டுக்கு விலைக் கட்டுப்பாடு, பெர்மிட். மூட்டை கிடைச்சாலே பெருசுங்கிறப்ப விளம்பரம் எதுக்கு? 1982ல பாதிக் கட்டுப்பாடு போச்சு, 1989ல முழுசாப் போச்சு. போட்டி வந்ததும் ரோட்டோரச் சுவர் எல்லாம் சுண்ணாம்பு அடிச்சு சிமெண்ட் பேரு எழுதும் பலகையாச்சு. நம்ம ஊர் ஹார்டுவேர் கடைக்கும் பெயிண்ட் கம்பெனியோ சிமெண்ட் கம்பெனியோ இலவசமா போர்டு மாட்டித் தரும். போர்டுல முக்கால்வாசி கம்பெனி பேரு, அடியில பொடி எழுத்துல கடை பேரு. இலவசம்னு சந்தோஷப்பட்ட கடைக்காரர், தன் கடை நெத்தியையே வாடகை வாங்காம விட்டுக் கொடுத்துட்டார். எனக்கு இதுல உடன்பாடே இல்ல.

பிறகு ஃபிளெக்ஸ். சுவர்ல தூரிகையால எழுதினவங்க பிழைப்பு சில வருஷத்துலயே போச்சு. ராத்திரி ஃபைல் கொடுத்தா காலைல பேனர். பொது இடங்களை அலங்கோலப்படுத்துறதைத் தடுக்க தமிழ்நாட்டுல 1959லயே சட்டம் உண்டு, யாரு பார்த்தா? 2019 செப்டம்பர் 12, சென்னை பள்ளிக்கரணை. அனுமதியில்லாத பேனர் ஒண்ணு ஸ்கூட்டர்ல போன பொண்ணு மேல விழுந்து, அவர் கீழே சாய, பின்னால வந்த தண்ணி லாரி ஏறிடுச்சு. 23 வயசு. சாஃப்ட்வேர் துறையில வேலை பார்த்தவர். அது கட்டடத் தொழில் விளம்பரம் இல்ல, கல்யாண பேனர். ஆனா கம்பத்துல ஏறி பேனர் கட்டச் சொல்ற எந்த காண்ட்ராக்டரும் அந்த நாளை நினைச்சுக்கணும்.

இப்போ ஒரு கணக்குப் போடுங்க. ஓட்டுல கம்பெனி பேரு, கல்லுல சூளைக்காரர் பேரு, மூட்டைல ஆலை பேரு. வீட்டைக் கட்டின கொத்தனார் பேரு, ஆசாரி பேரு? எங்கயும் இல்ல. பத்மநாபபுரம் அரண்மனையில எந்த ராஜா எதைக் கட்டினார்னு பட்டியல் போடலாம், உத்தரத்தைச் செதுக்கின கை யாருதுன்னு சொல்ல முடியாது. கன்னியாகுமரிக் கடல்ல 133 அடியில வள்ளுவரை நிறுத்தின கணபதி ஸ்தபதி பேரு நமக்குத் தெரியுது. அப்படிப் பேரு நின்னவங்க எத்தனை பேரு?

கொத்தனாருக்குன்னு ஊர் ஒரு இடம் வச்சிருந்துச்சு, பால்காய்ச்சு வீடு. புது வீட்டுல பால் பொங்கினதும் கொத்தனாரையும் ஆசாரியையும் கூப்பிட்டு, எல்லார் முன்னாலயும் வேட்டி துண்டு கொடுப்பாங்க. சொந்தபந்தம், ஊர்க்காரங்க கூடியிருப்பாங்க. அதுல நாலு பேராவது வீடு கட்ட யோசிச்சுக்கிட்டு இருப்பாங்க. ஒருத்தர் சுவரைத் தடவிப் பார்த்துட்டு, "வீடு யாருடே கெட்டுனது?"ன்னு கேட்பார். கேட்ட ஆளுக்குப் பதில் அங்கயே, புது வேட்டியோட நிக்கும்.

இப்போ நிறைய வீட்டுல அந்த மரியாதை காண்ட்ராக்டரோட நின்னுடுது. கொத்தனார் வேலை முடிஞ்ச அன்னைக்கே அடுத்த சைட்டுக்குப் போயிடுறார், பல இடத்துல அவர் வடமாநிலத் தொழிலாளி. விசேஷத்துக்கு அவரை யாரும் கூப்பிடுறதில்ல. சின்ன காண்ட்ராக்டர்கள் என்கிட்ட ரீல்ஸ் போடலாமா, கூகுள் மேப்புல பேரு போடலாமான்னு கேட்கிறாங்க. போடுங்க. கூடவே, போன வருஷம் நீங்க கட்டின வீட்டுக்கு இந்த மழை முடிஞ்சதும் ஒருதடவை போய், எங்கயாவது ஒழுகுதான்னு கேட்டுட்டு வாங்க. போகும்போது பூச்சு வேலை பார்த்த ஆளையும் வண்டியில ஏத்திக்கோங்க.