கனரக வாகனங்களும் ஊரகச் சாலைச் செலவும் (தருமபுரி மாவட்டம்)

கல் குவாரி லாரி, தண்ணீர் லாரி, ஜல்லி டிப்பர் போன்ற கனரக வாகனங்களால் தேயும் ஊராட்சி, ஊராட்சி ஒன்றியச் சாலைகளைச் செப்பனிட உள்ளாட்சிகள் நிதி பெறும் முறை.

தேய்மானம்: அமெரிக்காவின் இல்லினாயில் 1958–60-இல் நடந்த சாலைச் சோதனையின்படி, அச்சுச் சுமை இரட்டித்தால் சாலைச் சிதைவு ஏறத்தாழ 16 மடங்காகிறது. இந்தியாவில் நான்கு சக்கர ஒற்றை அச்சின் வரம்பு 2018-இல் 10.2 டன்னிலிருந்து 11.5 டன்னாக உயர்ந்தது. இதே கணக்கில் சிதைவு சுமார் 60 விழுக்காடு கூடும்.

நிதி: மோட்டார் வாகன வரியை 1974-ஆம் ஆண்டுச் சட்டப்படி மாநில அரசே வசூலிக்கிறது. எனவே உள்ளாட்சிகள் நிதிக்குழு மானியங்களையும் அரசுத் திட்டங்களையும் சார்ந்துள்ளன. 2000-இல் தொடங்கிய பிரதமர் கிராமச் சாலைத் திட்டத்தில், போட்ட சாலையை ஐந்தாண்டுகள் ஒப்பந்ததாரர் பராமரிக்க வேண்டும். குவாரிப் பகுதிகளுக்கு 2015-ஆம் ஆண்டுக் கனிமச் சட்டத் திருத்தம் மாவட்டக் கனிம அறக்கட்டளையை உருவாக்கியது. குத்தகைதாரர் செலுத்தும் பங்கிலிருந்து சாலைப் பணிகளுக்கும் செலவிடலாம். ஆனால் குடிநீர், மருத்துவம், கல்வி போன்றவற்றுக்கே முன்னுரிமை.

அபராதம்: மோட்டார் வாகனச் சட்டத்தின் 2019 திருத்தப்படி அதிகபாரத்துக்கு 20,000 ரூபாயும், கூடுதல் டன்னுக்கு 2,000 ரூபாயும் விதிக்கப்படும். இத்தொகை நேரடியாக ஊராட்சிக்குச் சேருவதில்லை. சாலையைத் தேய்ப்பவரிடம் பெறும் பணம் அதே சாலைக்குத் திரும்புவதே நியாயமான ஏற்பாடு.