முதல் கன்னடப் பேசும்படமும் ஒரு வணிகரின் முதலீடும்

தமிழ்த் திரை 1931இல் 'காளிதாஸ்' வழியே பேசத் தொடங்கியது. கன்னடத் திரை பேச மேலும் மூன்றாண்டுகள் ஆயின. மைசூர் சமஸ்தானத்தில் நாடகக் குழுக்கள் செழித்திருந்தன. ஆனால் பேசும்படம் எடுப்பதற்குப் பெருமுதல் தேவைப்பட்டது. அதனை இட முன்வந்தவர் பெங்களூரில் தொழில் நடத்திய மார்வாரி வணிகர் சமன்லால் டூங்காஜி. 1932இல் அவர் சவுத் இந்தியா மூவிடோனை நிறுவினார்.

நடிப்பும் குரலும் மேடையிலிருந்து வந்தன. மைசூரின் சாகித்ய சாம்ராஜ்ய நாடக மண்டலியை நடத்திய எம். வி. சுப்பையா நாயுடுவும், ஆர். நாகேந்திர ராவும் முதன்மை வேடமேற்றனர். உரையாடலையும் பாடல்களையும் பெள்ளாவே நரஹரி சாஸ்திரி எழுதினார். தெலுங்கரான ஒய். வி. ராவ் இயக்கினார். படப்பிடிப்பு மராத்தி வழங்கும் கோலாப்பூரில் நடைபெற்றது. ஏறத்தாழ 40,000 ரூபாய் செலவில் உருவான 'சதி சுலோசனா' 1934 மார்ச் 3 அன்று பெங்களூரில் வெளியாயிற்று.

ஆக, முதலும் இயக்கமும் படப்பிடிப்புத் தளமும் பிறமொழியாரிடமிருந்து வந்தன. கன்னட மேடை தன் மொழியைத் தந்தது. இன்று அப்படத்தின் பிரதி கிடைப்பதில்லை, எஞ்சியிருப்பவை பெயர்களே. ஒரு மொழியின் திரை வரலாற்றை அம்மொழியினரின் பெயர்களைக் கொண்டு மட்டும் எழுதினால், அதற்கு முதலிட்ட வணிகரின் பெயரும் மறைந்துபோகும்.