கை வயரிங்கா, அச்சு போர்டா? - ஒரு ஆம்ப்ளிஃபையர் கதை

கிட்டார் வாசிக்கிறவங்க நாலு பேர் ஒண்ணா உட்கார்ந்தா ஒரு சண்டை நிச்சயம். வால்வு ஆம்ப்ளிஃபையர்ல கையால வயரிங் பண்ணினது ஒசத்தியா, பிசிபி போர்டு போட்டது ஒசத்தியா? ஒரு கோஷ்டி "கை வயரிங்னா சத்தத்துல உயிர் இருக்கும்"னு சத்தியம் பண்ணும். இன்னொரு கோஷ்டி "எலக்ட்ரானுக்கு வயர் எது, போர்டு எதுன்னு தெரியுமாய்யா?"ன்னு சிரிக்கும். நடுவுல கம்பெனிக்காரங்க கை வயரிங் மாடலுக்குக் கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு விலை வச்சு கல்லா கட்டிட்டுப் போயிடுவாங்க :-)

எனக்கு இந்தச் சண்டையை விட சுவாரசியமா படறது வேற ஒரு கேள்வி. ஒரு காலத்தில் "மலிவான வேலை" என்று ஒதுக்கப்பட்ட ஒரு விஷயம், எப்படி ஆடம்பரப் பொருளா மாறிச்சு?

முதல்ல கொஞ்சம் பாடம். கை வயரிங்னு பொதுவா சொன்னாலும் அதுல ரெண்டு வகை இருக்கு. ஒண்ணு நிஜமான பாயின்ட் டு பாயின்ட். ரெசிஸ்டர், கெப்பாசிட்டர் கால்களையே நீட்டி, வால்வு சாக்கெட்டுக்கும் டேக் ஸ்ட்ரிப்புக்கும் நேரா ஈயம் வச்சு பத்த வைக்கிறது. போர்டே கிடையாது. இன்னொண்ணு ஐலெட் போர்டு. ஷூ லேஸ் நுழையற ஓட்டையில ஒரு வளையம் இருக்குமே, அதே மாதிரி பித்தளை வளையங்களை ஒரு கெட்டி அட்டையில வரிசையா அடிச்சு, அதுல பாகங்களைப் பத்த வைக்கிறது. வளையத்துக்குப் பதில் சின்னத் தூண் மாதிரி நிக்கிற முனைகள் இருந்தா டரெட் போர்டு. பிசிபி நமக்குத் தெரிஞ்சதுதான். காலேஜ் லேபுல ஃபெரிக் குளோரைடு கரைசல்ல முக்கி, சட்டையில கறையோட வெளிய வந்த அதே சமாச்சாரம். போர்டு மேல ஒட்டியிருக்கிற செம்புத் தகடு சாதாரணமா 35 மைக்ரான் கனம். வயர் வேலையை அந்த மெல்லிசுத் தடம் பார்த்துக்கும்.

சரி, கதைக்கு வருவோம். கலிஃபோர்னியாவில் ஃபுல்லர்டன் என்ற ஊரில் 1938ல் லியோ ஃபெண்டர் ஒரு ரேடியோ ரிப்பேர் கடை திறந்தார். 1946ல் அவர் பெயரிலேயே கம்பெனி வந்தது. மனுஷன் அடிப்படையில் ஒரு ரிப்பேர்காரர், அது அவருடைய ஆம்ப்ளிஃபையர்களில் அப்படியே தெரியும். பின்பக்கத்தைக் கழட்டினா எல்லா பாகமும் கண்ணுக்கு எதிரே ஐலெட் போர்டில் வரிசையா நிக்கும். எது போனாலும் எந்த ஊர் ரேடியோ மெக்கானிக்கும் மாத்திடலாம்.

அந்த போர்டுகளில் ஈயம் வச்சது யார்? பெரும்பாலும் பெண்கள். அதில் பலர் மெக்சிகன் வம்சாவளி. 1950களின் ஃபெண்டர் ஆம்ப் ஒண்ணைத் திறந்தா, உள்ளே சின்னதா ஒரு மாஸ்கிங் டேப் துண்டில் கையால் எழுதின ஒரு முதல் பெயர் இருக்கும். வேலையை முடிச்சவங்க பெயர். அன்னைக்கு அது தொழிற்சாலைக் கணக்குக்கான அடையாளம், அவ்வளவுதான். இன்னைக்கு சேகரிப்பாளர்கள் அந்த டேப் துண்டை பூதக்கண்ணாடி வச்சுப் பார்க்கிறாங்க.

இப்போ அப்படியே அட்லாண்டிக்கைத் தாண்டி, பத்து இருபது வருஷம் பின்னாடி போகணும். வியன்னாவில் பிறந்த யூத இன்ஜினியர் பால் ஐஸ்லர், 1936ல் லண்டனுக்குத் தப்பி வந்தார். அச்சடித்த சர்க்யூட்டில் ஒரு ரேடியோ செய்து காட்டினார். பிளெஸ்ஸி கம்பெனி வேண்டாம்னுடுச்சு. ஏன்? வயரிங் வேலையை இளம்பெண்கள் செய்யறாங்க, அவங்களுக்கான செலவு இதை விடக் கம்மி, தேவைப்பட்டா வேலையை மாத்திக் கொடுக்கவும் வசதி என்ற அர்த்தத்தில் பதில் வந்ததா ஐஸ்லரைப் பத்தின கதைகளில் திரும்பத் திரும்ப வரும். அதாவது பிசிபி தோத்தது தரத்தில் இல்லை. ஒரு பெண்ணின் ஒரு மணி நேரக் கூலியோட போட்டி போட முடியாமல் தோத்தது.

அப்புறம் உலகப்போர் வந்தது. பீரங்கிக் குண்டுக்குள்ள வைக்கிற ப்ராக்ஸிமிட்டி ஃபியூஸுக்கு, சின்னதா, ஆயிரக்கணக்கில், ஒண்ணு மாதிரியே இன்னொண்ணு இருக்கிற சர்க்யூட் தேவைப்பட்டது. அச்சு முறைக்கு மவுசு வந்தது. 1949ல் அமெரிக்க ராணுவத்தின் சிக்னல் கோர்ப்ஸில் டான்கோ, ஆப்ராம்சன்னு ரெண்டு பேர், போர்டில் எல்லா பாகத்தையும் சொருகி ஒரே முக்கில் ஈயம் வைக்கிற முறையைக் கொண்டு வந்தாங்க. 50களில் டிவி, ரேடியோ எல்லாம் வேகமா பிசிபிக்கு மாற ஆரம்பிச்சது.

இங்கதான் ஒரு திருப்பம். எல்லாரும் மாறும்போது சிகாகோவின் ஜெனித் கம்பெனி மாறலை. எங்க டிவி கையால் செய்தது, அச்சு சர்க்யூட் கிடையாது, குறுக்கு வழி கிடையாது என்று விளம்பரமே போட்டாங்க. ஆரம்பகால பிசிபிக்கள் சூட்டில் வெடிச்சு மக்களைப் படுத்தினதால அந்த விளம்பரம் நல்லாவே எடுபட்டது. கை வயரிங் என்பது ஒரு பெருமையான வார்த்தையா மாறினது இப்படித்தான். கிட்டார் உலகம் இந்த வார்த்தையைக் கையில் எடுத்தது ரொம்பப் பின்னாடி.

கிட்டார் பக்கம் என்ன நடந்தது? லண்டன் ஹான்வெல்லில் கடை வச்சிருந்த ஜிம் மார்ஷல், கென் ப்ரான், டட்லி க்ரேவன் மூணு பேரும் 1962-63ல் ஃபெண்டரின் பாஸ்மேன் 5எஃப்6-ஏ சர்க்யூட்டைப் பார்த்து ஜேடிஎம்45 செஞ்சாங்க. அதுவும் கை வயரிங்தான். ராக் இசை உலகம் பூரா பரவினதும் ஆர்டர் குவிஞ்சது. 1973-74 வாக்கில் மார்ஷல் பிசிபிக்கு மாறியது. மேலே அதே கறுப்புப் பெட்டி, அதே தங்க நிற முகப்பு. உள்ளே மட்டும் வேற.

சத்தம் கெட்டுப் போச்சா? 1981ல் வந்த ஜேசிஎம்800 முழுக்க பிசிபி. 80களின் ஹார்ட் ராக் சத்தம்னா பலருக்கும் முதல்ல ஞாபகம் வர்ற ஆம்ப் அது. மெட்டாலிகா "மாஸ்டர் ஆஃப் பப்பெட்ஸ்" ஆல்பத்தில் (1986) பயன்படுத்தின மெசா பூகி மார்க் IIசி+ உள்ளேயும் பிசிபிதான். பழைய மார்க்கெட்டில் அதன் விலையைக் கேட்டா தலை சுத்தும்.

எதிர்ப்பக்கமும் பாருங்க. 1965ல் ஃபெண்டரை சிபிஎஸ் வாங்கின பிறகும், 70கள் முழுக்க ட்வின் ரிவெர்ப் வகையறா எல்லாம் அதே ஐலெட் போர்டு, அதே கை வயரிங். ஆனா வயரை இழுத்துக் கட்டறதில் அக்கறை குறைஞ்சது. கிரிட்டுக்குப் போற வயரும் பிளேட்டில் இருந்து வர்ற வயரும் பக்கத்துல பக்கத்துல ஓடினா ஆம்ப் தானா ஊளையிட ஆரம்பிக்கும். அதை அடக்க 1968க்கு அப்புறம் சர்க்யூட்டில் கூடுதலா சின்னச் சின்ன கெப்பாசிட்டர் போட்டாங்க. நம்ம பாஷையில் சொன்னா, பக்கை சரி பண்ணாம மேல ஒரு பேட்ச் :-) அந்தக் காலத்து ஆம்ப்களைத் திறக்கிற மெக்கானிக்குகள் பலர் முதல்ல செய்யறதே அந்த கெப்பாசிட்டர்களைப் பிடுங்கிப் போடறதுதான். கை வயரிங்தான் மந்திரம்னா இது நடந்திருக்கவே கூடாது.

இன்னொண்ணு. பழைய ஃபெண்டர் அட்டைகள் காலப்போக்கில் ஈரத்தை உறிஞ்சி, கரண்டைக் கசிய விட ஆரம்பிக்கும். ஐலெட் போர்டு என்னமோ சாகாவரம் வாங்கி வந்த மாதிரி பேசறவங்க இதைச் சொல்றதே இல்லை.

அப்போ வித்தியாசமே இல்லையா? இருக்கு. அது காதில் இல்லை, ஸ்க்ரூடிரைவர் பிடிக்கிற கையில் இருக்கு. வால்வு ஆம்ப்புக்குள்ள 400 வோல்ட்டுக்கு மேல ஓடும், அடுப்பு மாதிரி சுடும். செலவைக் குறைக்க வால்வு சாக்கெட்டையே பிசிபி மேல ஏத்தினா, அத்தனை சூடும் போர்டுக்கு. ஒவ்வொரு தடவை வால்வைப் பிடுங்கிச் சொருகும்போதும் ஈயம் வச்ச இடத்தில் அழுத்தம். கொஞ்ச வருஷத்தில் கண்ணுக்குத் தெரியாத விரிசல். நாலு தடவை சூடு காட்டினா செம்புத் தடம் உரிஞ்சு வந்துடும். அதே போர்டைத் தடிமனா அடிச்சு, சாக்கெட்டை மட்டும் சேசிஸில் தனியா பூட்டி வயர் இழுத்தா இந்தப் பிரச்னையில் பாதிக்கு மேல காலி. பிசிபி மேல குத்தம் இல்லை. அதைப் பத்து டாலர் குறைச்சுச் செய்யணும்னு முடிவெடுத்த மேனேஜர் மேலதான் குத்தம். பொட்டி தட்டற நமக்கு இந்த மாதிரி முடிவெல்லாம் புதுசா என்ன!

இன்னைக்கு ஃபெண்டர், மார்ஷல், வாக்ஸ் மூணு பேருமே சாதாரண வரிசைக்கு மேல கை வயரிங் வரிசையைத் தனியா, பெருமையா விக்கிறாங்க. 1936ல் ஒரு பெண்ணோட நேரம் மலிவுன்னு சொல்லி மெஷினை ஒதுக்கினாங்க. இன்னைக்கு மெஷின் மலிவு, மனுஷ நேரம்தான் விலை. வேலை என்னவோ அதே வேலைதான். இடையில் மாறினது கூலிக் கணக்கு. அந்தக் கூலிக் கணக்கை நாம "டோன்"னு பேர் வச்சுக் கூப்பிடறோம்.

அதனால கை வயரிங் ஆம்ப் வாங்கறவங்களைக் கிண்டல் பண்ண மாட்டேன். முப்பது வருஷம் கழிச்சும் திறந்து சரி பண்ண முடியற ஒரு பொருளுக்கும், உட்கார்ந்து ஈயம் வச்ச ஒருத்தரோட நேரத்துக்கும் காசு கொடுக்கிறோம்னு தெரிஞ்சு கொடுத்தா அது நியாயமான காசு. சத்தத்துக்குன்னு நினைச்சுக் கொடுத்தா, ஜெனித் டிவி விளம்பரத்துக்குக் கொடுக்கிற காசு. ஒரு விஷயம் மட்டும் உறுத்துது. அன்னைக்கு மலிவுக் கூலிக்கு வேலை பார்த்த பெண்கள் தங்கள் பெயரை எழுதி ஒட்டினாங்க. ஆயிரக்கணக்கான டாலர் கொடுத்து வாங்கற எத்தனை ஆம்ப்களுக்குள்ள இன்னைக்கு அப்படி ஒரு பெயர் இருக்கும்?

கொசுறு: கை வயரிங்கோட அழகைப் பார்க்கணும்னா 70களின் ஹைவாட் ஆம்ப் உட்புறப் படங்களைத் தேடிப் பாருங்க. ஹாரி ஜாய்ஸ் என்பவர் செய்த வயரிங். ராணுவ அணிவகுப்பு மாதிரி ஒவ்வொரு வயரும் நேர்கோட்டில் நடந்து, செங்கோணத்தில் திரும்பும். அதைப் பார்த்தா பிசிபிக்கே பொறாமை வரும்.