உண்டியலும் மென்பொருளும்

கொழும்பில் வணிகச் செய்திகள் எழுதிய காலத்தில், சிறிய மென்பொருள் நிறுவனங்களை நடத்துவோர் பலர் என்னிடம் ஒரே குறையைத்தான் சொன்னார்கள். அவர்களிடம் தரமான சரக்கு இருந்தது. கடல் கடந்த ஊரில் அவர்களுக்காக ஒரு வார்த்தை சொல்ல ஆள் இல்லை.

இதற்குப் பழைய விடை ஒன்று, கொட்டாஞ்சேனைக்குக் கூப்பிடு தூரத்திலுள்ள செட்டியார் தெருவில் இருந்தது. இன்று நகைக்கடைகளால் நிறைந்திருக்கும் அத்தெரு, அன்று நாட்டுக்கோட்டை நகரத்தாரின் வட்டிக்கடைகளுக்குப் பெயர் பெற்றது. குடும்ப நிறுவனங்களே அவை. ஆயினும் கொழும்பில் எழுதிய உண்டியலுக்கு இரங்கூனிலும் பினாங்கிலும் மதிப்பிருந்தது. வாக்குத் தவறியவர் ஊரிலும் உறவிலும் கோயிலிலும் தலைகாட்ட முடியாது என்பதே அதற்கான பிணை.

அந்தப் பிணைக்கு ஒரு மறுபக்கமும் உண்டு. ஐரோப்பிய வங்கிகள் செட்டியார்களை நம்பிக் கடன் கொடுத்தன. உள்ளூர்ச் சிறுவணிகர் செட்டியாரிடம் கூடுதல் வட்டிக்கே வாங்க வேண்டியிருந்தது. 1925இல் பெரிய செட்டியார் நிறுவனம் ஒன்று முறிந்தபோது வங்கிகள் கையை இறுக்கின. வலைக்கு வெளியே நின்றவர்களும் அடிபட்டனர். 1934ஆம் ஆண்டின் வங்கி ஆணைக்குழு இக்குறையை ஆராய்ந்தது. 1939இல் இலங்கை வங்கி பிறந்தது.

மென்பொருள் துறை வேறொரு பிணையைக் கண்டது. ஐ.பி.எம். நிறுவனத்தில் பணியாற்றிய சஞ்சீவ வீரவரணவும் போல் ஃபிரெமான்டலும் 2005இல் டபிள்யூ.எஸ்.ஓ.2 நிறுவனத்தைத் தொடங்கினார்கள். அவர்களை இணைத்தது இரத்த உறவன்று, தொழில் உறவு. நிரல்களை எவரும் பார்க்கும்படி திறந்து வைத்தார்கள்; வாங்குவோர் நேரில் சோதித்து நம்பலாம். இன்டெல்லின் முதலீட்டுப் பிரிவு தொடக்கத்திலேயே பணம் போட்டது. 2024இல் ஐரோப்பிய முதலீட்டு நிறுவனமான ஈ.கியூ.ரி. அதனை அறுபது கோடி டொலருக்கும் அதிகமான மதிப்பில் வாங்க உடன்பட்டது.

வெள்ளவத்தையில் இரத்த உறவுக்குக் குறைவில்லை. 1983இன் பின்னர் ரொறன்ரோ, இலண்டன், மெல்பேர்ண் என்று பரவிய சொந்தங்கள் அங்குள்ள பல வீடுகளுக்கு உண்டு. அவ்வுறவின் வழியே வருவது பெரும்பாலும் குடும்பச் செலவுக்கான பணமே. ஒரு தொழிலுக்கான அறிமுகமும் அதே வழியில் வரலாம், வந்தால் நன்று. ஆனால் கொட்டாஞ்சேனைத் தொடர்வீட்டில் கணினி கற்கும் பிள்ளைக்கு ரொறன்ரோவில் மாமா இல்லை. அவனது வேலையைப் பார்த்து, அவனுக்காகவும் ஒரு வார்த்தை சொல்லும் வலையமைப்பே நமக்கு வேண்டியது. உறவை மட்டுமே நம்பிய வலை எங்கே அறும் என்பதைச் செட்டியார் தெரு நமக்கு முன்பே காட்டிவிட்டது.