சோறா, சப்பாத்தியா? 200 வருஷமா ஓடிக்கிட்டு இருக்கிற ஒரு கேள்வி

1/
அரசு வேலைக்கு வந்த புதுசு. சர்க்கரை ஓபியில் ஒரு நாளைக்கு நூறு, நூத்தைம்பது பேர் வருவாங்க. ஒருத்தருக்கு ரெண்டு நிமிஷம் கிடைச்சாலே பெரிசு. அதனால எல்லாருக்கும் ஒரே வசனம்தான் வச்சிருந்தேன். "சோத்தை நிறுத்துங்கம்மா. ராத்திரிக்குச் சப்பாத்தி சாப்பிடுங்க."

2/
அப்படிச் சொல்லி அனுப்பின ஒரு அம்மாவை, அடுத்த வாரம் விடியற்காலை நாலு மணிக்கு நினைவில்லாமல் தூக்கிட்டு வந்தாங்க. அறுபது வயசு, நாலு வீட்டில் பாத்திரம் தேய்க்கிறவங்க. விரல் நுனியில் குத்திப் பார்த்தா சர்க்கரை 38. டெக்ஸ்ட்ரோஸ் ஏத்தினதும் கண் முழிச்சாங்க.

3/
"ராத்திரி சாப்பிடலையாம்மா?"
"சோறு கூடாதுன்னு நீங்கதானேய்யா சொன்னீங்க. வேலை முடிஞ்சு வந்து சப்பாத்தி எங்க தேய்க்கிறது? மாத்திரையை மட்டும் போட்டுட்டுப் படுத்துட்டேன்."

4/
அவங்க நல்லாகி வீட்டுக்குப் போயிட்டாங்க. எனக்குத்தான் தூக்கம் போச்சு. சோத்தை நிறுத்துன்னு சொல்ற பழக்கம் எனக்கு எங்கிருந்து வந்தது? சப்பாத்தி உசத்தின்னு யார் அளந்து பார்த்தாங்க? தேடிப் படிச்சேன். அந்தக் கதைதான் இந்த த்ரெட். கொஞ்சம் நீளம். ஒரு டீயோட உட்காருங்க.

5/
1776. இங்கிலாந்தில் லிவர்பூல் நகரம். மேத்யூ டாப்சன் என்ற மருத்துவர், நீரிழிவு நோயாளி ஒருவரின் சிறுநீரைக் காய்ச்சி வற்ற வைத்தார். அடியில் வெள்ளையாக ஒரு கட்டி மிஞ்சியது. வாயில் வச்சுப் பார்த்தா சர்க்கரை! அந்த நோயாளியின் ரத்தத்தில் பிரித்தெடுத்த நீரும் இனித்தது. அதாவது சர்க்கரை ரத்தத்திலேயே இருக்கு, அங்கிருந்து சிறுநீரில் இறங்குது என்பது தெரிய வந்தது.

6/
அடுத்த கேள்வி, அந்தச் சர்க்கரை எங்கிருந்து வருது? பிரிட்டிஷ் ராணுவ மருத்துவர் ஜான் ரோலோ, கேப்டன் மெரிடித் என்ற அதிகாரிக்கு ரொட்டி, காய், பழம் எல்லாவற்றையும் குறைத்து, இறைச்சியும் கொழுப்புமாகக் கொடுத்தார். சிறுநீரில் சர்க்கரை குறைந்தது. 1797இல் இதைப் புத்தகமாக எழுதினார். சாப்பாட்டை மாத்தினா சர்க்கரை மாறும் என்று நோயாளியிடம் காட்டிய முதல் ஆட்களில் இவர் ஒருவர். இன்னைக்கு நாம பேசுற பேலியோ, கீட்டோவுக்கெல்லாம் இவர் கொள்ளுத் தாத்தா.

7/
இதுக்கு நேர் எதிராகவும் ஒருவர் இருந்தார். பாரிஸில் பியோரி என்ற பெரிய டாக்டர். சிறுநீரில் இவ்வளவு சர்க்கரை வீணாப் போகுதே, அதை ஈடுகட்டணும் என்று நோயாளிகளுக்குச் சர்க்கரையை அள்ளி அள்ளிக் கொடுத்தார். கேட்கும்போது நியாயமாத்தான் இருக்கு. கேட்க நியாயமா இருக்கிறது எல்லாம் மருத்துவம் இல்லை என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது.

8/
1870. ஜெர்மன் படைகள் பாரிஸை முற்றுகையிட்டன. நகரத்துக்குள் உணவு வரத்து நின்றது. குதிரை, நாய், பூனை, கடைசியில் விலங்குக் காட்சிச்சாலை யானைகளைக்கூட அறுத்துத் தின்றார்கள். அந்தப் பஞ்சத்தில் புஷார்தா என்ற மருத்துவர் ஒன்றைக் கவனித்தார். தன்னிடம் வரும் நீரிழிவு நோயாளிகளின் சிறுநீரில் சர்க்கரை குறைஞ்சுக்கிட்டே வருது!

9/
எதைச் சாப்பிடுகிறோம் என்பது போலவே எவ்வளவு சாப்பிடுகிறோம் என்பதும் முக்கியம் என்று அவர் முடிவுக்கு வந்தார். உடம்பை அசைத்து வேலை செய்யுங்கள் என்றார். சிறுநீரை நோயாளியே சோதித்துப் பார்க்கணும் என்றும் சொல்லிக் கொடுத்தார். 150 வருஷத்துக்கு முன்னாடி! மூன்றுமே இன்றும் செல்லுபடியாகும் அறிவுரை.

10/
ஆனா மருத்துவ உலகம் அவரிடமிருந்து "குறைச்சுச் சாப்பிடு" என்பதை மட்டும் எடுத்துக்கொண்டு, அதையும் தண்டனையாக்கியது. இத்தாலியில் கன்தானி என்ற மருத்துவர், திருட்டுத்தனமாகச் சாப்பிடாமல் இருக்க நோயாளிகளை அறைக்குள் பூட்டியே வைத்தார்.

11/
இன்னொரு பக்கம் 'ஒரே உணவு' வைத்தியங்கள். அரிசி வைத்தியம், உருளைக்கிழங்கு வைத்தியம். 1903 வாக்கில் ஜெர்மன் மருத்துவர் நோர்டன் பிரபலப்படுத்திய ஓட்ஸ் வைத்தியம். ஆமாம், இன்னைக்கு சூப்பர் மார்க்கெட்டில் நீங்க வாங்குற அதே ஓட்ஸ்! நடுநடுவே காய்கறி மட்டும் சாப்பிடும் நாட்கள், பட்டினி நாட்கள். மொத்தச் சாப்பாடே குறைவு. பேரு கிடைச்சதோ ஓட்ஸுக்கு.

12/
அடுத்து வருபவர் நியூயார்க்கின் ஃப்ரெடெரிக் ஆலன். 1914 முதல் ராக்பெல்லர் ஆய்வு நிலைய மருத்துவமனையில் இவர் கொடுத்தது பட்டினி வைத்தியம். சிறுநீரில் சர்க்கரை மறையும்வரை பட்டினி. பிறகு துளித்துளியாக உணவு. மறுபடி சர்க்கரை தெரிந்தால் மறுபடி பட்டினி. நோயாளிகளில் பலர் குழந்தைகள்.

13/
அவரிடம் பன்னிரண்டு வயதுப் பையன் ஒருவன் இருந்தான். நோயால் பார்வை போய்விட்டது. படுக்கையிலேயே கிடக்கிறான், யாரும் எதுவும் கொடுப்பதில்லை. ஆனாலும் சிறுநீரில் சர்க்கரை வருது. எப்படி? கடைசியில் கண்டுபிடித்தார்கள். பல் துலக்கும் பேஸ்ட்டையும், கூண்டுப் பறவைக்கு வைத்த தானியத்தையும் தடவி எடுத்துத் தின்றிருக்கிறான். அந்தப் பையன் எலும்பும் தோலுமாக இறந்துபோனான்.

14/
ஆலனைக் கொடூரமானவர் என்று திட்டலாம். ஆனா அவர் கையில் வேறு மருந்து இல்லை. டைப் 1 நீரிழிவு வந்த குழந்தை சீக்கிரமே இறந்துவிடும் என்ற காலம் அது. பட்டினி போட்டால் ஒரு வருஷமோ ரெண்டு வருஷமோ கூடுதலாகக் கிடைக்கும். அந்த ரெண்டு வருஷத்தில் சிலருக்கு அதிர்ஷ்டம் அடித்தது.

15/
அப்படிப் பிழைத்தவர் எலிசபெத் ஹ்யூஸ், அமெரிக்க வெளியுறவு அமைச்சரின் மகள். 11 வயதில் நோய் வந்து, ஆலனின் பட்டினியில் மூன்று வருஷம் தாக்குப்பிடித்தார். 1922 ஆகஸ்டில் கனடாவின் டொரோண்டோ நகரத்துக்கு வந்து சேர்ந்தபோது அவருக்குப் பதினான்கு வயது. எடை சுமார் 20 கிலோ. அங்கே பான்டிங் என்ற மருத்துவரின் கையில் புது மருந்து ஒன்று இருந்தது. இன்சுலின். அதே வருஷம் ஜனவரியில்தான் முதன்முதலாக ஒரு மனிதருக்குப் போடப்பட்டிருந்தது.

16/
எலிசபெத் மறுபடியும் ரொட்டி சாப்பிட்டார். வளர்ந்தார், கல்யாணம் செய்தார், குழந்தைகள் பெற்றார். 73 வயதுவரை வாழ்ந்தார். 1981இல் இறந்தார். இந்த வருஷத்தை ஞாபகம் வச்சுக்கோங்க, திரும்ப வருவோம்.

17/
இன்சுலின் வந்தபிறகு பட்டினி ஒழிந்தது. அதன் இடத்துக்குப் பட்டியல் வந்தது. 1950இல் அமெரிக்காவில் 'உணவு மாற்றுப் பட்டியல்' வெளியானது. ஒரே அளவு மாவுச்சத்து இருந்தால் ஒன்றுக்குப் பதில் இன்னொன்றைச் சாப்பிடலாம், எல்லாம் சமம். கூடவே ஒரு நம்பிக்கை. சர்க்கரை வேகமா ஏத்தும், மாவுச்சத்து மெதுவா ஏத்தும். பாடப்புத்தகத்திலும் அப்படித்தான் இருந்தது.

18/
ஒரே ஒரு சிக்கல்தான். சாப்பிட்ட மனிதரின் ரத்தத்தில் வைத்து இதை ஒழுங்காகச் சோதித்தவர்கள் ரொம்பக் குறைவு. 1970களின் நடுவில் அமெரிக்காவில் கிரேப்போ என்ற பெண் ஆய்வாளரும் சக ஆய்வாளர்களும் அதைச் செய்தார்கள். உருளைக்கிழங்கு, அரிசி, சோளம், ரொட்டி. எல்லாவற்றிலும் ஒரே அளவு மாவுச்சத்து. உருளைக்கிழங்கு கிட்டத்தட்ட குளுக்கோஸ் குடிச்ச மாதிரி ஏத்தியது. அரிசியும் சோளமும் அதைவிடக் குறைவு. 'எல்லா மாவும் ஒண்ணுதான்' என்ற நம்பிக்கை அங்கே ஆட்டம் கண்டது.

19/
இப்போ 1981. இன்சுலின் பிறந்த அதே டொரோண்டோ. டேவிட் ஜென்கின்ஸ், தாமஸ் வோல்வர் குழுவினர் 62 உணவுகளை எடுத்தார்கள். ஒவ்வொன்றிலும் 50 கிராம் மாவுச்சத்து இருக்கும் அளவு. ஒவ்வொரு உணவுக்கும் ஆரோக்கியமான 5 முதல் 10 பேர், வெறும் வயிற்றில். சாப்பிட்டபின் 2 மணி நேரம் ரத்தச் சர்க்கரையை அளந்தார்கள். குளுக்கோஸுக்கு 100 மதிப்பெண். மற்ற உணவுக்கெல்லாம் அதோடு ஒப்பிட்டு மார்க். இதுதான் கிளைசீமிக் இண்டெக்ஸ்.

20/
ரிசல்ட் வந்ததும் பலருக்கு அதிர்ச்சி. வெள்ளை அரிசி 72. நாம வீட்டில் போடும் வெள்ளைச் சர்க்கரை 59! ஐஸ்கிரீம் 36. பருப்பு 29. வேர்க்கடலை 13. நம்ம விஷயத்துக்கு முக்கியமானது இது: வெள்ளை ரொட்டி 69, முழுக் கோதுமை ரொட்டி 72. அதாவது கோதுமையை நைசாக அரைத்துவிட்டால், தவிடு இருந்தாலும் இல்லாவிட்டாலும் பெரிய வித்தியாசம் இல்லை.

21/
ஏன் இப்படி? தானியம் முழுசாக இருந்தால் குடலின் நொதிகள் அதை உடைத்துப் போக நேரம் ஆகும். அரைத்து, குழைய வேகவைத்து, கஞ்சியாகக் கரைத்தால் பாதி வேலையை நாமே செய்து கொடுக்கிறோம். 1977இல் இங்கிலாந்தில் ஆப்பிளை மூன்று விதமாகக் கொடுத்துப் பார்த்தார்கள்: முழுசா, மசித்து, ஜூஸாக. சர்க்கரை அளவு மூன்றிலும் ஒன்றுதான். ஜூஸில் வயிறு நிறையவில்லை, இன்சுலினும் அதிகம் சுரந்தது. கேழ்வரகுன்னாலே நல்லதுன்னு தண்ணியா கஞ்சி காய்ச்சிக் குடிச்சுட்டு, சுகர் ஏறிடுச்சேன்னு கேட்கிறவங்களுக்குப் பதில் இங்கேதான் இருக்கு.

22/
ஆனா இந்த மார்க் ஷீட்டை மட்டும் நம்பினாலும் ஏமாறுவோம். அந்த 1981 பட்டியலில் கேரட்டுக்கு 92! பாவம் கேரட், பல வருஷம் கெட்ட பேரோட அலைஞ்சது. பிறகு மறுபடி சோதித்தபோது மதிப்பு வெகுவாகக் குறைந்தது. அதைவிட முக்கியம், கேரட்டில் 50 கிராம் மாவுச்சத்து கிடைக்கணும்னா அரை கிலோவுக்கு மேல சாப்பிடணும். பொரியலில் யார் அவ்வளவு சாப்பிடுறா?

23/
இந்த ஓட்டையை அடைக்க 1997இல் ஹார்வர்டு ஆய்வாளர்கள் கிளைசீமிக் லோடு என்ற கணக்கைக் கொண்டுவந்தார்கள். வேகத்தோடு அளவையும் பெருக்கு. சுருக்கமாச் சொன்னா, என்ன உணவு என்பதோடு எவ்வளவு என்பதையும் சேர்த்துப் பார். முற்றுகைக்கால பாரிஸில் புஷார்தா பார்த்ததும் இதைத்தானே!

24/
சரி, நம்ம ஊர் அரிசி? சென்னையில் 1948லேயே ஸ்டான்லி அரசு மருத்துவமனையில் டாக்டர் எம். விஸ்வநாதன் சர்க்கரை நோய்க்கென்று தனி ஓபி தொடங்கினார். பின்னாளில் சென்னை நீரிழிவு ஆராய்ச்சி மையம் நம்ம அரிசியை அளந்தது. பொன்னி 70, சோனா மசூரி 72. ரெண்டுமே உயர்ந்த வரிசைதான். தவிடு நீக்காத அரிசியை 5 நாள் கொடுத்து அளந்தபோது, வெள்ளை அரிசியைவிட ரத்தச் சர்க்கரை ஏற்றம் சுமார் 20 சதவீதம் குறைவு. நல்லதுதான், ஆனா மந்திரம் இல்லை.

25/
இப்போ சப்பாத்திக்கு வருவோம். நடுத்தர சைஸ் ரெண்டு சப்பாத்தியும் ஒரு கப் சோறும் மாவுச்சத்தில் கிட்டத்தட்ட சமம். சப்பாத்தியில் ஒரு வசதி உண்டு, எண்ணிச் சாப்பிடலாம். சோத்தை யாரும் எண்ணுறதில்லை, குழம்புக்கு ஒரு தடவை, ரசத்துக்கு ஒரு தடவை, மோருக்கு ஒரு தடவை. குறையுறது கோதுமையால் இல்லை, எண்ணிக்கையால். அஞ்சு சப்பாத்தியை உருளைக்கிழங்கு மசாலாவோட சாப்பிட்டா அந்த வசதியும் போச்சு.

26/
தட்டில் கூட என்ன இருக்கு என்பதும் கணக்கு. 2015இல் நியூயார்க்கில் நீரிழிவு உள்ள 11 பேருக்கு ஒரே சாப்பாட்டை இரண்டு வரிசையில் கொடுத்தார்கள். காயும் கோழியும் முதலில், ரொட்டி கடைசியில் என்று சாப்பிட்ட நாளில், ஒரு மணி நேரச் சர்க்கரை 30 சதவீதத்துக்கு மேல் குறைவு. சின்ன ஆய்வுதான். ஆனா காசு செலவில்லாம நாளைக்கே செய்யக்கூடியது.

27/
அதே வருஷம் இஸ்ரேலில் 800 பேரின் சர்க்கரையைத் தொடர்ந்து கண்காணித்தார்கள். ஒரே உணவு ஒருவருக்கு ஏறுது, இன்னொருவருக்கு அவ்வளவா ஏறலை. ஆக, பக்கத்து வீட்டுக்காரருக்கு ஒத்துக்கிட்டது உங்களுக்கும் ஒத்துக்கணும்னு கட்டாயம் இல்லை.

28/
இதை ஒரு நோயாளி முன்னாடியே கண்டுபிடிச்சிருந்தார். 1969இல் ரிச்சர்ட் பெர்ன்ஸ்டைன் என்ற அமெரிக்க இன்ஜினியர். டைப் 1 நீரிழிவு. அப்போ சர்க்கரை அளக்கும் கருவியை மருத்துவர்களுக்கு மட்டும்தான் விற்பார்கள். மருத்துவரான மனைவி பெயரில் ஒன்றை வாங்கி, தினமும் பலமுறை தன் ரத்தத்தைத் தானே அளந்தார். எது சாப்பிட்டா எவ்வளவு ஏறுதுன்னு குறிச்சு வச்சார். நோயாளி வீட்டிலேயே அளப்பதற்கு அவரைப் போன்றவர்கள்தான் வழி திறந்தார்கள்.

29/
இந்த வரலாற்றிலிருந்து நான் கத்துக்கிட்டது ஒண்ணுதான். டாக்டர்கள் அளக்காமல் தடை போட்டபோதெல்லாம் நோயாளி கஷ்டப்பட்டார். அளந்து பார்த்தபோதெல்லாம் தடைகள் தளர்ந்தன. நான் அந்த அம்மாவுக்குச் செய்தது முதல் வகை.

30/
இப்போ ஓபியில் நான் கேட்கும் முதல் கேள்வி, "நேத்து ராத்திரி என்ன சாப்பிட்டீங்க? எத்தனை கரண்டி?" அதுக்கப்புறம்:
• சோறு ஒரு கப், ஒரே தடவை. அதே அளவுக்கு மேல் காய்.
• பருப்பு, சுண்டல், முட்டை, மீன், ஏதாவது ஒண்ணு கட்டாயம்.
• காயை முதலில் சாப்பிடுங்க.
• கஞ்சி, ஜூஸ் குறையுங்க. பழத்தைக் கடிச்சுச் சாப்பிடுங்க.
• முடிஞ்சா சாப்பிட்ட 2 மணி நேரம் கழிச்சு அளந்து, நோட்டில் குறிச்சுட்டு வாங்க.

31/
எல்லாத்துக்கும் மேல, சர்க்கரை மாத்திரையோ இன்சுலினோ எடுத்துக்கிறவங்க டாக்டரைக் கேட்காம சாப்பாட்டைத் தவிர்க்காதீங்க. கை நடுக்கம், வியர்வை, படபடப்பு வந்தா உடனே மூணு ஸ்பூன் சர்க்கரையைத் தண்ணியில் கலக்கிக் குடிங்க. நினைவில்லாதவங்க வாயில் எதையும் ஊத்தாதீங்க. உடனே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டு வாங்க.

32/
அந்த அம்மா இன்னும் மாசாமாசம் மாத்திரை வாங்க வர்றாங்க. ராத்திரி ஒரு கப் சோறு, கீரை, ஒரு முட்டை. போன மாசம் சர்க்கரை கட்டுக்குள்ள இருந்துச்சு. "சப்பாத்தி சுடலையேன்னு திட்டாதீங்கய்யா"ன்னாங்க. திட்டலைம்மா, தப்பு என்னோடதுதான்னு சொன்னேன்.

வீட்டில் சர்க்கரை உள்ளவங்க இருந்தா அவங்களுக்குப் படிச்சுக் காட்டுங்க.